நெப்போலியன் எதனால் இறந்தார்? இறந்தவருக்கு நோய் கண்டுபிடிக்கும் முறை

மொரிஷியஸில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு நெப்போலியன் யாரோ தூரத்து ராஜா அல்ல. நம் தலைநகரம் போர்ட் லூயிஸுக்குக் கொஞ்ச காலம் ‘போர்ட் நெப்போலியன்’ என்றே பெயர். மஹேபூர் அப்போது ‘போர்ட் இம்பீரியல்’. பக்கத்து ரியூனியனை 1806 முதல் ‘இல் போனபார்ட்’ என்றார்கள். இங்கே கல்யாணப் பதிவும் பாகப்பிரிவினையும் இன்றைக்கும் நடப்பது அவர் காலத்துச் சிவில் சட்டத்திலிருந்து வந்த சட்டப்படிதான். அவர் அனுப்பிய ஆளுநர் தெக்கேன் 1803-இல் முதலில் போய்ச் சேர்ந்த இடம் புதுச்சேரி. ஆங்கிலேயர் ஊரை ஒப்படைக்கவில்லை என்றதும்தான் இந்தத் தீவுக்குக் கப்பலைத் திருப்பினார். 1794-இல் பாரிஸ் ஒழித்ததாக அறிவித்த அடிமை முறையை, 1802-இல் சட்டம் போட்டு இங்கே நிலைக்கவைத்தவரும் நெப்போலியன்தான். அவர் மேல் இந்தத் தீவுக்கு வியப்பும் உண்டு, தீராத கணக்கும் உண்டு.

நான் இங்கே ஒரு கல்லூரியில் உயிரியல் சொல்லித் தருகிறேன். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: மொரிஷியஸில் கல்லூரி என்றால் உயர்நிலைப் பள்ளி.) நச்சு உலோகங்கள் பாடம் வந்தால் போதும், வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கிவிடும்: “சார், நெப்போலியனுக்கு ஆர்சனிக் வச்சுத்தானே கொன்னாங்க?” நல்ல கேள்வி. ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி உட்கார வைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பார்க்காத நோயாளியின் நோய்

ஒருவர் இறந்து பல காலம் கழித்து, மிச்சம் இருக்கும் சான்றுகளை வைத்து அவருக்கு என்ன நோய் என்று கணிப்பதைப் பின்னோக்கிய நோயறிதல் என்பார்கள். நாம் டாக்டரிடம் போனால் நாக்கை நீட்டச் சொல்வார், வயிற்றை அழுத்திப் பார்ப்பார், ரத்தம் எடுக்கச் சொல்வார். சந்தேகம் வந்தால் மறுபடி கூப்பிட்டுக் கேட்பார். இறந்துபோன தலைவரிடம் இதெல்லாம் நடக்காது. கூட இருந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகள், பிரேதப் பரிசோதனை அறிக்கை, குடும்பத்தில் யார் யார் எதனால் போனார்கள் என்ற விவரம், எங்கோ பத்திரமாகக் கிடக்கும் ஒரு கற்றை முடி, உடுத்திய துணி. இவ்வளவுதான் கையில் இருக்கும்.

இவை எல்லாவற்றையும் ஒரே மாதிரி நம்பிவிட முடியாது. வயிற்றைத் திறந்து கண்ணால் பார்த்தவர் மறுநாளே எழுதியதையும், பக்கத்து அறையில் முனகல் கேட்டவர் வருஷக்கணக்கில் கழித்து நினைவுகூர்ந்து எழுதியதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அதோடு, எழுதியவருக்கு அந்த நோய் எதுவாக இருந்தால் லாபம் என்றும் கேட்டாக வேண்டும். நெப்போலியன் விஷயத்தில் இதைக் கேட்காமல் ஓரடிகூட நகர முடியாது.

போரில் தோற்ற அவரை 1815 அக்டோபரில் பிரிட்டிஷார் கைதியாகக் கொண்டுபோய் இறக்கிய செயின்ட் ஹெலினா, தென் அட்லாண்டிக்கில் தன்னந்தனியாகக் கிடக்கும் ஒரு பாறைத் தீவு. லாங்வுட் என்ற ஈரம் கசியும் வீட்டில் ஐந்தரை வருஷம் இருந்தார். அவரைப் பார்த்த பிரிட்டிஷ் கடற்படை டாக்டர் பேரி ஓமேரா கல்லீரல் அழற்சி என்றார். கல்லீரல் கெட்டது என்றால் தீவின் காற்றும் நீரும் காரணம் என்றாகும். அப்படியானால் பிரிட்டன் கைதியை அங்கே வைத்திருப்பதே கொலைக்குச் சமம் என்றாகும். ஆளுநர் ஹட்சன் லோவுக்கு அது ஆகவில்லை. ஓமேராவை 1818-இல் தீவை விட்டே அனுப்பினார்கள். அடுத்துப் பார்த்த ஜான் ஸ்டோகோவும் கல்லீரல் என்றே சொன்னார். அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி வேலையைப் பறித்தார்கள். நோயின் பெயரைச் சொன்னதற்காக ஒரு டாக்டரின் பிழைப்பு போனது. அதற்குப் பிறகு வந்தவர்கள் என்ன எழுதியிருந்தாலும், இந்தப் பயத்தையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

1820 கடைசியிலிருந்து நோயாளி வேகமாக ஒடுங்கினார். மேல்வயிற்றில் கத்தியால் கீறுவதுபோல் வலி, வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, கால் சில்லிட்டுப்போவது. 1821 மே 5 மாலை 5.49-க்கு உயிர் பிரிந்தது. வயது 51. சில வாரங்களுக்கு முன் எழுதிய உயிலில், ஆங்கிலேய ஆட்சியாளர்களும் அவர்கள் கூலிக்கு அமர்த்திய கொலையாளியும் என்னைக் காலத்துக்கு முன்பே சாகடிக்கிறார்கள் என்று அவரே எழுதிவைத்திருந்தார். நஞ்சுக் கதைக்கு முதல் விதை போட்டது அந்த வரிதான். அவர் அங்கே பேசியது அரசியல். பிற்காலத்தார் அதை மருத்துவமாகப் படித்துக்கொண்டார்கள்.

வயிற்றைத் திறந்தபோது

தன் உடலைத் திறந்து, குறிப்பாக வயிற்றைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டவரும் நெப்போலியனே. காரணம் அவருடைய மகன். அப்பா கார்லோ 1785-இல் மோன்பெலியேவில் 38 வயதில் வயிற்றுக் கட்டியால் இறந்தவர். தனக்கும் அதுதான் என்று நெப்போலியன் சந்தேகப்பட்டார். பிள்ளையாவது எச்சரிக்கையாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். சக்கரவர்த்தியின் ஆசைகளில் என் மனசைத் தொடுவது இந்த ஒன்றுதான்.

மே 6 அன்று லாங்வுட்டின் பில்லியர்ட்ஸ் அறையில் பிரேதப் பரிசோதனை நடந்தது. கத்தி பிடித்தவர் நெப்போலியனின் சொந்த டாக்டர், கார்சிகாக்காரர் பிரான்செஸ்கோ அந்தோம்மார்க்கி. சுற்றி நின்று பார்த்தவர்கள் ஏழு பிரிட்டிஷ் டாக்டர்கள். இரைப்பையைத் திறந்ததும் உள்ளே நிறையத் திரவம், காப்பிக் கசடு மாதிரி. இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் வாந்தி இந்த நிறத்தில் வந்தால் நர்ஸே பதறிவிடுவார். இரைப்பை அமிலத்தில் கலந்து கருத்துப்போன ரத்தம் அது. உட்சுவர் கிட்டத்தட்ட முழுவதும் புற்று, அல்லது புற்றாகிக்கொண்டிருக்கும் கெட்டித் தசை என்று பிரிட்டிஷ் அறிக்கை சொல்கிறது. இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் வாயிலிலிருந்து ஓர் அங்குலத்தில் சுவரைத் துளைத்துப் போன ஒரு புண். ஓட்டையில் சுண்டுவிரல் நுழைந்தது. கல்லீரல் வந்து அந்த ஓட்டை மேல் ஒட்டிக்கொண்டு அடைத்திருந்தது. அந்த அடைப்பு இல்லாவிட்டால் இரைப்பையில் இருந்ததெல்லாம் வயிற்றுக் குழிக்குள் கொட்டி, மனிதர் இன்னும் முன்னாலேயே போயிருப்பார்.

கல்லீரல் சற்றுப் பெரிதாக இருந்தது என்று டாக்டர் தாமஸ் ஷார்ட் எழுதினார். லோவ் அந்த வரியை எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். அந்தோம்மார்க்கி பிரிட்டிஷ் அறிக்கையில் கையெழுத்தே போடவில்லை. பிறகு தனியாக ஓர் அறிக்கை எழுதினார். இரண்டும் கல்லீரலில்தான் முட்டிக்கொள்கின்றன. இரைப்பை என்று வரும்போது இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரே புண்ணைப் பார்த்து ஒரே மாதிரி எழுதினால், அந்த இடத்தை நாம் தைரியமாக நம்பலாம். பின்னோக்கிய நோயறிதலில் இதைவிட வலுவான சான்று கிடைப்பது அபூர்வம்.

அது புற்றா, வெறும் வயிற்றுப்புண்ணா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 2007-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ராபர்ட் ஜென்டாவும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். அறிக்கையில் சொன்ன அடையாளங்களை, இந்தக் காலத்து நோயாளிகளின் 50 சாதாரண வயிற்றுப்புண் படங்களோடும் 50 இரைப்பைப் புற்றுப் படங்களோடும் வைத்துப் பார்த்தார்கள். 10 சென்டிமீட்டருக்கு மேல் பரவி, ஓரம் ஒழுங்கில்லாமல், பக்கத்து நிணநீர் முடிச்சுகள் கெட்டிப்பட்டு இருந்த அது முற்றிய புற்றுதான் என்று முடிவுக்கு வந்தார்கள். அப்பாவிடமிருந்து வந்தது என்பதைவிட, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா வருஷக்கணக்கில் இரைப்பையைப் புண்ணாக்கி வைத்ததே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இன்றைய ஆபரேஷன் வசதியோடுகூட அந்தக் கட்டத்தில் பிழைப்பது கடினம்.

ஓர் ஆட்சேபம் பாக்கி. புற்றுநோயாளி என்றால் எலும்பும் தோலுமாக இருக்க வேண்டாமா? பிரேதத்தின் வயிற்றில் ஒன்றரை அங்குலக் கொழுப்பு இருந்ததாக அறிக்கையே சொல்கிறதே? நஞ்சுக் கட்சியின் நல்ல வாதங்களில் இது ஒன்று. இதற்குப் பதில் வந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கால்சட்டை. அவர் வெவ்வேறு காலத்தில் போட்ட 12 கால்சட்டைகளின் இடுப்பளவை அதே பாசல் குழு அளந்தது. இந்தக் காலத்து ஆண்களின் இடுப்பளவும் எடையும் எப்படிச் சேர்ந்து போகின்றன என்று பார்த்து, அவர் எடையைக் கணக்கிட்டது. 1820 வாக்கில் 90 கிலோவைத் தாண்டியிருந்தவர், கடைசிக் காலத்தில் சுமார் 11 கிலோ இளைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து 11 கிலோ போனாலும் பார்ப்பவர் கண்ணுக்குக் கொழுகொழுவென்றே தெரியும். அவர் புற்றால் இளைக்கத் தொடங்கிவிட்டார், எலும்பும் தோலும் ஆகும்வரை உயிர் இருக்கவில்லை.

முடியில் இருந்த ஆர்சனிக்

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ஸ்வீடனைச் சேர்ந்த பல் மருத்துவர் ஸ்டென் ஃபோர்ஷுஃப்வுட், நெப்போலியனின் பணியாள் மர்ஷானின் நினைவுக் குறிப்புகளைப் படித்தார். அதில் வரும் உபாதைகள் ஆர்சனிக் நஞ்சேறியவருக்கு வருவதுபோல் அவருக்குப் பட்டன. முடியைத் தேடிப் பிடித்து ஆய்வுக்குக் கொடுத்தார். கிளாஸ்கோவில் ஹாமில்டன் ஸ்மித் அதைப் பரிசோதித்தார். 1961-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது: பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கும் சற்று மேல் ஆர்சனிக். அன்றைக்கு இயல்பு என்று கருதிய அளவைப்போல் பத்து மடங்குக்கு மேல்.

முடியை எதற்குப் பார்க்கிறார்கள்? முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, அதில் கந்தகம் நிறைய. ஆர்சனிக்குக்குக் கந்தகம் என்றால் ஒட்டிக்கொள்ளும் குணம். ரத்தத்தில் வருவது முடி வளரும்போதே உள்ளே பதிந்துவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வதால், துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் எந்த மாதம் எவ்வளவு என்றுகூடச் சொல்லலாம். அளக்கிற முறையும் அழகானது. முடியை அணு உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் அடித்தால், சாதாரண ஆர்சனிக் கதிரியக்க ஆர்சனிக்காக மாறும். அதன் பாதி 26 மணி நேரத்தில் சிதைந்துவிடும். சிதையும்போது வரும் காமாக் கதிரை எண்ணினால், எவ்வளவு ஆர்சனிக் இருந்தது என்று தெரிந்துவிடும். ஒற்றை முடி போதும்.

அளவையில் தப்பு இல்லை. முடியில் ஆர்சனிக் நிஜமாகவே இருந்தது. ஃபோர்ஷுஃப்வுடும், பிறகு கனடாக்காரர் பென் வைடரும், கூடவே இருந்த மோந்தோலோன் பிரபு ஒயினில் கலந்து கொடுத்தார் என்று புத்தகங்கள் எழுதினார்கள். உலகம் முழுக்கப் பரவியது அந்தக் கதைதான். துரோகி, ஒயின், மெல்லக் கொல்லும் விஷம் என்று எல்லாம் இருக்கும்போது, இரைப்பைப் புண்ணை யார் கேட்பார்கள்?

இங்கேதான் ஒரு கேள்வி விட்டுப்போனது: எதோடு ஒப்பிட்டு அதிகம்? நம் தீவில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் குறைவு. லேப் ரிப்போர்ட்டில் நம் எண்ணுக்குப் பக்கத்திலேயே இயல்பான அளவு எது என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பத்தியை மறைத்துவிட்டால் வெறும் எண் ஒன்றும் சொல்லாது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தைச் சாப்பிட்ட பிறகான அளவோடு ஒப்பிட்டாலும் தப்பாகத்தான் போகும். நெப்போலியனின் முடியை 1961-இல் 20-ஆம் நூற்றாண்டு முடியோடு ஒப்பிட்டார்கள். ஒப்பிட்டிருக்க வேண்டியது அவர் காலத்து மனிதர்களின் முடியோடு.

அந்த வேலையை 2008-இல் இத்தாலியர்கள் செய்தார்கள். பாவியா நகரச் சிறு அணு உலையில், நெப்போலியன் கார்சிகாவில் சிறுவனாக இருந்தபோது எடுத்த முடி, முதல் முறை நாடுகடத்தப்பட்டு எல்பா தீவில் இருந்த காலத்து முடி, செயின்ட் ஹெலினாவில் இறந்தபோது எடுத்த முடி, அவர் மகன் முடி, மனைவி ஜோசஃபினின் முடி, இன்றைக்கு வாழ்பவர்கள் பத்துப் பேரின் முடி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து அளந்தார்கள். பழைய முடிகள் எல்லாவற்றிலும் இன்றைய அளவைப்போல் சுமார் நூறு மடங்கு ஆர்சனிக். சிறுவன் நெப்போலியனுக்கும் சாகும் நெப்போலியனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. 1814-இல் செத்துப்போன ஜோசஃபினுக்கு செயின்ட் ஹெலினாவில் யார் ஒயின் ஊற்றிக் கொடுத்திருக்க முடியும்?

அந்தக் காலத்தில் ஆர்சனிக் இல்லாத வீடே கிடையாது. எலி மருந்து அது. ஷீலே பச்சை என்ற சாயத்தில் அது. ஃபௌலர் கரைசல் என்று குடிக்கும் டானிக்கிலும் அது. நமக்கும் இது புதிதல்ல: சித்த மருத்துவத்தில் புழங்கும் தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக் கனிமங்கள்தான். பழனியாண்டவரின் நவபாஷாணத் திருமேனியைப் பற்றிக் கேள்விப்படாத காவடிக் குடும்பம் இந்தத் தீவில் இருக்காது.

லாங்வுட் சுவர்த்தாளின் பச்சைச் சாயத்திலும் ஆர்சனிக் இருந்தது. பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் ஒரு துணுக்கைத் தேடிப் பிடித்துச் சோதித்து 1982-இல் எழுதினார். ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் அந்தச் சாயம் நச்சு வாயுவாகக் கிளம்பும். ஆள் நோய்வாய்ப்படலாம், ஆனால் இரைப்பையில் சுண்டுவிரல் ஓட்டை விழாது.

ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உள்ளே போனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாகும். நகத்தில் வெள்ளைக் கோடு விழும். வங்காளத்தில் குழாய்க் கிணற்று நீரால் லட்சக்கணக்கானோர் இந்தக் கொடுமையை அனுபவிக்கிறார்கள். நெப்போலியனின் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இப்படி எதுவும் இல்லை. 1840 அக்டோபரில் கல்லறையைத் திறந்தபோது உடல் கெடாமல் இருந்ததை நஞ்சுக் கட்சி பெரிய சாட்சியாகக் காட்டும். தகரம், ஈயம், மஹோகனி என்று பெட்டிக்குள் பெட்டியாக, காற்றுப் புகாமல் ஈயத்தால் பற்றவைத்து அடக்கம் செய்திருந்தார்கள். அதற்கு ஆர்சனிக் தேவையில்லை.

கடைசி மருந்து

புற்று இருந்தது சரி. ஆனால் மே 5-ஆம் தேதி ஏன்? இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போகவில்லையே? இங்கேதான் டாக்டர்களின் கை வருகிறது. மே 3 அன்று, பிரிட்டிஷ் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ஆர்னட் சொற்படி, கலோமெல் என்ற பாதரசப் பேதி மருந்து பத்து கிரெயின், கிட்டத்தட்ட 650 மில்லிகிராம், கொடுத்தார்கள். அன்றைய பழக்கத்துக்கே அது தாராளமான அளவு. அந்தோம்மார்க்கி வேண்டாம் என்றார், கேட்கவில்லை. நோயாளி இனி மருந்தே வேண்டாம் என்றிருந்ததால், சர்க்கரைத் தண்ணீரில் கலந்து மர்ஷான் கையால் கொடுத்தார்கள். குடித்த பிறகு கறுப்பாக, ஏராளமாக மலம் போனது. கறுப்பு மலம் என்றால் மேலே எங்கோ ரத்தம் கொட்டுகிறது என்று அர்த்தம்.

2004-இல் ஸ்டீவன் கார்ச் உள்ளிட்ட தடயவியல் மருத்துவர்கள் இன்னொரு வழியும் சொன்னார்கள். வாந்தி எடுக்கவைக்கும் மருந்துகளும் எனிமாவும் அடிக்கடி கொடுத்ததில் உடம்பின் பொட்டாசியம் வற்றிப்போகும். அப்போது இதயத்தின் தாளம் தாறுமாறாகி நின்றுவிடலாம். நடக்கக்கூடியதுதான். ஆனால் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவி அப்போது இல்லை. இந்தக் கருத்தைச் சரிபார்க்க இனி வழியும் இல்லை. சரிபார்க்க முடியாத ஒன்றைச் ‘சாத்தியம்’ என்ற கட்டத்துக்கு மேலே ஏற்றக் கூடாது என்று என் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

வகுப்பில் இந்தப் பாடத்தின் முடிவில் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த மரணச் சான்றிதழ் படிவத்தைக் கரும்பலகையில் வரைவேன். அதில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் நேரடிக் காரணம், அதற்குக் கீழே அதை உண்டாக்கிய காரணம், அதற்கும் கீழே ஆணிவேரான நோய். இரண்டாம் பகுதியில், அந்தச் சங்கிலியில் சேராமல் சாவுக்குத் துணைபோனவை. நெப்போலியனுக்கு நான் நிரப்புவது இப்படி: நேரடிக் காரணம், இரைப்பையில் ரத்தப்போக்கு. அதற்குக் கீழே, சுவரைத் துளைத்த புண். அதற்கும் கீழே, முற்றிய இரைப்பைப் புற்றுநோய். இரண்டாம் பகுதியில் கலோமெல். ஆர்சனிக்குக்கு அந்தப் படிவத்தில் நான் இடம் கொடுப்பதில்லை. கலோமெல்லை இரண்டாம் பகுதியில் எழுதுவதா, நேரடிக் காரணத்துக்குப் பக்கத்திலேயே ஏற்றுவதா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். ரத்தம் மருந்துக்கு முன்பே கசியத் தொடங்கியிருக்க வேண்டும், வயிற்றில் அவ்வளவு காப்பிக் கசடு இரண்டு நாளில் சேர்ந்திருக்காது என்பது என் கட்சி. அதனால்தான் அதைக் கீழேயே விட்டிருக்கிறேன்.